'டொக்' சத்தமும் பிரேக்மேனின் விரல்களும்

அமெரிக்காவில் படகு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தண்ணீரிலேயே விட்டுவைப்பதில்லை. வீட்டு வாசலில் ட்ரெய்லர் மேல் நிற்கும். சனிக்கிழமை வந்தால் காருக்குப் பின்னால் மாட்டி ஏரிக்கு இழுத்துப் போவார்கள். அப்படிப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சத்தம் உண்டு. சிக்னலில் பிரேக் போட்டால் பின்னாலிருந்து ஒரு 'டொக்', பச்சை விழுந்து புறப்பட்டால் இன்னொரு 'டொக்'. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் தனியாக ஒரு 'லொடக்'.

இந்தச் சத்தத்தை எப்படிக் கண்டுபிடித்துச் சரி செய்வது என்று படிக்க ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் 19ஆம் நூற்றாண்டு ரயில்வேயில் போய் நிற்போம். ஏன்னா சத்தம் அதேதான். ஒன்று இழுக்கிறது, இன்னொன்று இழுபடுகிறது, நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. நம்ம ஊர் மெக்கானிக் "ப்ளே இருக்கு சார்" என்பாரே, அதே ஆட்டம். முன்னால் போவதன் வேகமும் பின்னால் வருவதன் வேகமும் ஒரு நொடி வேறு வேறாக இருந்து, அந்த இடைவெளி தீர்ந்ததும் படாரென்று ஒன்றாகின்றன. அப்போது வருவதுதான் 'டொக்'. கார் ஓட்டுபவருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். ரயில்வேயில் இந்த இடைவெளிக்குள் மனிதர்கள் நின்றார்கள்.

சங்கிலியும் திருகும்

1830இல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில்வே திறந்தபோது பெட்டிகளைச் சங்கிலியால்தான் கோர்த்திருந்தார்கள். இன்ஜின் நகர்ந்ததும் முதல் பெட்டி வெட்டி இழுக்கும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. உட்கார்ந்திருப்பவர் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த ஹென்றி பூத் 1836இல் இதற்கு ஒரு தீர்வு கண்டார்: நடுவில் திருகு வைத்த கப்ளிங். பெட்டிகளை மாட்டிய பிறகு திருகை முறுக்கினால், இரண்டு பக்கத்து பஃபர்களும் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ளும். ஆட்டம் போய்விடும், கூடவே சத்தமும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். பல பத்தாண்டுகள் தயாரித்த நீல நிற, சிவப்பு நிறப் பெட்டிகளின் முனையைப் பார்த்திருந்தால் நீங்கள் பூத்தின் திருகைப் பார்த்திருக்கிறீர்கள். ஓரத்தில் இரண்டு வட்ட பஃபர், நடுவில் கொக்கியும் திருகும்.

அப்படியானால் எல்லா ரயிலுக்கும் இதையே போட்டிருக்கலாமே? பயணிகள் ரயிலுக்குப் போட்டார்கள். பிரிட்டனில் சரக்கு வண்டிகளுக்கு 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் மூன்று வளையச் சங்கிலிதான். காரணம் வெறும் கஞ்சத்தனம் இல்லை. நின்ற வண்டியை நகர்த்துவதுதான் கஷ்டம், நகர்ந்ததை இழுப்பது சுலபம். ஐம்பது வேகனையும் ஒரே நேரத்தில் நகர்த்த இன்ஜினுக்குத் தெம்பு போதாது. ஆனால் இணைப்பு லூஸாக இருந்தால் ஒவ்வொன்றாக நகர்த்தலாம். ஒரு பேச்சுக்கு இணைப்புக்கு 10 செ.மீ. என்று வைத்தால், 50 இணைப்புக்கு 5 மீட்டர். கடைசி வேகன் அசையும்போது இன்ஜின் 5 மீட்டர் முன்னால் போய்விட்டிருக்கும். ஆக, ஆட்டம் ஒரு குறையாக மட்டும் இருக்கவில்லை, வேலையும் செய்தது. வேண்டுமென்றேதான் அதை விட்டு வைத்திருந்தார்கள்.

வளையமும் ஆணியும்

அமெரிக்காவில் நிலைமை இதைவிட மோசம். அங்கே சரக்குப் பெட்டிகளுக்கு ஒரு இரும்பு வளையம், ஒரு ஆணி. இரண்டு பெட்டி மோத வரும்போது பிரேக்மேன் நடுவில் நின்று, வளையத்தைக் கையால் பிடித்து எதிர்ப் பெட்டியின் வாய்க்குள் சரியாக நுழைக்க வேண்டும். நுழைந்த கணத்தில் ஆணியை மேலிருந்து போட வேண்டும். கையை எடுக்க ஒரு நொடி தாமதமானால் விரல் போகும். கால் இடறினால் உயிர் போகும். விரல் குறைந்த கையைப் பார்த்தே "நீ ரயில்வேயில் பிரேக்மேன்தானே" என்று கண்டுகொள்வார்கள் என்று சொல்வதுண்டு.

1873இல் ஈலை ஜான்னி என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பில் இருந்தவர், போருக்குப் பிறகு வர்ஜீனியாவில் ஜவுளிக்கடை குமாஸ்தா. அவருடைய கப்ளர், இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கோர்த்தது போல இருக்கும். பெட்டிகள் மோதினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் ஆள் நிற்க வேண்டாம். பெட்டி கட்டுவோர் சங்கம் இந்த வகையைத் தரமாக ஏற்றது 1887இல். தரம் என்று அறிவித்தார்களே தவிர, கம்பெனிகள் அவசரப்படவில்லை. லட்சக்கணக்கான பெட்டிகளை மாற்றச் செலவு ஆகும். விரல் போவதற்கு அவ்வளவு செலவு இல்லை.

சட்டம் வருவதற்கு லொரென்ஸோ காஃபின் என்ற ஐயோவா விவசாயி அலைந்தார். ஒரு பிரேக்மேன் கண்ணெதிரே விரல்களை இழந்ததைப் பார்த்ததிலிருந்து இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டவர். அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் 1889இல் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில், ரயில்வே தொழிலாளியின் ஆபத்தைப் போர்க்களச் சிப்பாயின் ஆபத்தோடு ஒப்பிட்டார். 1893 மார்ச் 2 அன்று பாதுகாப்புக் கருவிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டுக் கணக்கில் பெட்டிகளை மாட்டும், கழற்றும் வேலையில் மட்டும் இறந்தவர்கள் 400க்கு மேல், காயப்பட்டவர்கள் 11,000க்கு மேல். ஆனாலும் நடைமுறைக்கு வர இன்னும் ஏழு வருஷம், 1900 வரை, அவகாசம் கொடுக்கப்பட்டது.

ஜான்சனின் கை

எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்த ஒரு வழக்கு.

1900 ஆகஸ்டில் யூட்டா மாநிலத்தின் ப்ரோமன்டரியில், ஜான்சன் என்ற பிரேக்மேனிடம் ஒரு இன்ஜினை உணவுப் பெட்டியோடு இணைக்கச் சொன்னார்கள். இன்ஜினில் இருந்தது ஜான்னி கப்ளர். உணவுப் பெட்டியில் இருந்தது மில்லர் கொக்கி. இரண்டுமே தானியங்கிதான். ஆனால் ஒன்று மற்றொன்றோடு பூட்டாது. ஆகவே ஜான்சன் நடுவில் போக வேண்டியதாயிற்று. கை நசுங்கியது, மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

கீழ் நீதிமன்றங்கள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. வாதம் எப்படித் தெரியுமா? சட்டம் தானியங்கி கப்ளர் வேண்டும் என்கிறது, இரண்டிலும் இருக்கிறது, பிறகென்ன? நம்ம தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு மாட்யூலும் தனித்தனியே டெஸ்ட் பாஸ், சேர்த்துப் பார்த்தால் வேலை செய்யாது. 1904 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. கப்ளர் இருந்தால் போதாது, எதிரில் வருவதோடு தானாகப் பூட்ட வேண்டும், நடுவில் ஆள் போகாமல் இருப்பதுதானே சட்டத்தின் நோக்கம் என்றது. இணைப்பு என்பது இரண்டு பக்கமும் சேர்ந்ததுதான், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து 'சரி' என்று சொல்ல முடியாது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லருக்கு வருவோம்.

காருக்குப் பின்னால் அதே பிரச்சினை

அமெரிக்கக் கார்களின் பின்னால் சதுரக் குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு இரும்புத் தண்டைச் செருகி, குறுக்கே ஒரு ஆணி போடுவார்கள். தண்டின் நுனியில் உருண்டை. ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும் கிண்ணம் அந்த உருண்டை மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். கவனித்தீர்களா? ரயில்வே துரத்திவிட்ட ஆணி இங்கே திரும்ப வந்துவிட்டது. கழற்றி மாட்ட வசதியாக இருக்க வேண்டும் என்றால் குழாய்க்கும் தண்டுக்கும் நடுவே, ஆணிக்கும் ஓட்டைக்கும் நடுவே, கொஞ்சம் இடம் விட்டே ஆக வேண்டும். புறப்படும்போதும் நிற்கும்போதும் வரும் சாதாரண 'டொக்' பெரும்பாலும் இதுதான். தண்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் கிடைக்கிறது. அது ஒருவகையில் பூத்தின் திருகேதான்.

ஆனால் அதே நேரத்தில் வரும் இன்னொரு 'டொக்' விபரீதமானது. உருண்டைகளில் சைஸ் உண்டு: 1 7/8, 2, 2 5/16 அங்குலம். 2 5/16 கிண்ணம் 2 அங்குல உருண்டை மேல் அழகாக உட்காரும். தாழ்ப்பாளும் விழும். பார்க்கச் சரியாக இருக்கும். 8 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மேடு ஒன்றில் எகிறும்போது கழன்று வந்துவிடும். ஜான்னியும் மில்லரும் பூட்டாததால் ஜான்சன் நடுவில் போனார். இங்கே பூட்டியது போல நடிப்பதுதான் ஆபத்து. உருண்டை மேல் சைஸ் பொறித்திருக்கும், கிண்ணத்தின் மேலும் இருக்கும். இரண்டு எண்ணையும் படித்துப் பாருங்கள்.

பிரேக் போடும்போது மட்டும் கனமாக ஒரு இடி வந்தால் அதற்கு வேறு கதை. 1886இல் ஐயோவாவின் பர்லிங்டனில் 50 பெட்டி சரக்கு ரயில்களை வைத்துக் காற்று பிரேக்குகளைச் சோதித்தார்கள். பிரேக் முன் பெட்டிகளில் பிடித்துவிடும், பின்னால் போய்ச் சேர நேரமாகும். நம்ம பாஷையில் லேட்டன்ஸி. அதற்குள் பின் பெட்டிகள் எல்லாம் வந்து முன்னால் மோதும். அதிர்ச்சி கடுமையாக இருந்தது. மறு வருஷம் வெஸ்டிங்ஹவுஸ் வேகமாகச் செயல்படும் வால்வைக் கொண்டுவந்த பிறகே இது அடங்கியது.

படகு ட்ரெய்லர்களில் பல இந்த மோதலையே பிரேக்காக மாற்றி வைத்திருக்கின்றன. கார் பிரேக் பிடித்ததும் ட்ரெய்லர் முன்னால் தள்ளும். மூக்குப் பகுதி உள்ளே நகர்ந்து, பிரேக் ஆயிலை அழுத்தி, சக்கரங்களைப் பிடிக்கும். தண்ணீருக்குள் இறக்கும் வண்டி என்பதால், மின்சார பிரேக்கைவிட இதைத்தான் பலரும் விரும்புகிறார்கள். ஆயில் குறைந்தாலோ, காற்று புகுந்தாலோ, பிரேக் ஷூ தேய்ந்து தூரம் கூடினாலோ, அதிர்ச்சி தாங்கி செத்துவிட்டாலோ, மூக்கு முழுத் தூரமும் ஓடிப்போய் முட்டும். அந்த 'டொக்' சொல்வது "பிரேக் பிடிக்கவில்லை" என்பது. கிளாம்ப் போட்டு அடக்கும் சத்தம் இல்லை அது.

சத்தம் எப்போது வருகிறது?

ஆகவே 'எங்கே' என்று தேடுவதற்கு முன்னால் 'எப்போது' என்று கேளுங்கள்.

முதலில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு அதே ரோட்டில் ஓட்டுங்கள். சத்தம் தொடர்ந்தால் குற்றவாளி காரேதான். புறப்படும்போதும் நிற்கும்போதும் வந்தால் ஆணி, தண்டு, உருண்டை. நிற்கும்போது மட்டும் வந்தால் பிரேக் மூக்கு. மேட்டிலும் பள்ளத்திலும் வந்தால் ஸ்பிரிங் பட்டை, அதன் புஷ், யு-போல்ட். அல்லது படகே லூஸாகக் கட்டப்பட்டு, முன்னால் இருக்கும் ரப்பர் தாங்கியில் முட்டிக்கொண்டிருக்கும். மூக்கின் மேல் பாரம் போதாவிட்டாலும் கிண்ணம் உருண்டை மேல் மேலும் கீழும் குதிக்கும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

சக்கரம் சுற்றுகிற தாளத்தில், வேகம் கூடக் கூட வேகமாக வந்தால், உடனே ஓரம் கட்டுங்கள். சக்கர நட்டு கழன்றிருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். படகு ட்ரெய்லருக்கு இது தனி நோய். ஓடிச் சூடான ஹப்பைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கும்போது உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

நிறுத்தி வைத்துச் சோதிப்பதானால், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒருவர் காரை மெல்ல முன்னும் பின்னும் அசைக்க, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். எது முதலில் நகர்கிறது, எது தாமதமாக நகர்கிறது என்று கண்ணுக்கே தெரியும். நடுவில் போய் நிற்கக்கூடாது, தடவிப் பார்க்க விரலும் வைக்கக்கூடாது. ஏன் என்று மேலே எழுதியாயிற்று.

ஆட்டத்தை முழுக்க ஒழிக்க முடியாது. எல்.எச்.பி. பெட்டிகள் நம்ம ரயில்களுக்கு வந்த புதிதில், திருகு போய் ஜான்னி வழி வந்த நடு கப்ளர் மாட்டியபோது, புறப்படும்போதும் நிற்கும்போதும் தூக்கிப்போடுகிறது என்று பயணிகள் புகார் சொன்னார்கள். கப்ளருக்குப் பின்னால் அதிர்வு தாங்கும் பாகங்களை மாற்றித்தான் அதைக் குறைத்தார்கள். பயணிக்குத் தூக்கம் கெட்டால் புகார் வரும். பிரேக்மேனின் புகார் சட்டமாக இருபது வருஷம் ஆனது, ஏனென்றால் செலவை முடிவு செய்தவர்கள் அந்த இடைவெளியில் நிற்கவில்லை. படகு இழுப்பவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கேட்பவரும் அவரே, செலவு செய்பவரும் அவரே. பின்னால் வருகிறவர்களுக்குத்தான் எந்தச் சத்தமும் கேட்காது.