தொட்டிலும் கணிப்பொறியும்

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வழியாகச் செல்லும் காலைப் பேருந்துகளில், நூற்பாலைப் பெண்களோடு கணிப்பொறியியல் பயிலும் மாணவியரும் பயணம் செய்கின்றனர். 1984இல் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் கல்லூரி எழுந்தபின் இப்பகுதிக்கு வாய்த்த காட்சி இது. ஆயினும், மடியில் மழலை தவழத் தொடங்கியதும் பட்டத்தைப் பெட்டியில் பூட்டிவிடும் பெண்கள் எத்தனை பேர்! கல்வியா, குழந்தையா என்னும் இவ்வினா புதியதன்று.

கணிப்பொறி வரலாற்றின் தொடக்கத்திலேயே பெண்கள் இருந்தனர். 1946இல் அமெரிக்காவில் மக்கள் பார்வைக்கு வந்த 'எனியாக்' கணிப்பொறிக்கு ஆணைகளை வகுத்தவர்கள் ஆறு பெண்கள். புகழோ நெடுங்காலம் அதைக் கட்டிய ஆடவருக்கே உரியதாயிற்று.

அந்நாட்டில் கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு துறவி. 1932இல் மடம் புகுந்த அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர், 1965இல் தம் 51ஆம் அகவையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றார். பின்னர் அயோவா மாநிலத்தில், தம் சபையினரின் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையை நிறுவி, 20 ஆண்டுகள் வழிநடத்தினார். கற்க விழைந்த தாய்மாரிடம், குழந்தையை விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு வகுப்புக்கு வருமாறு ஊக்கமூட்டினார்.

நம் மாநிலத்திலும் இதற்கு ஒப்பான வாழ்வொன்று உண்டு. சென்னையில் பிறந்த அ. லலிதா 18 வயதில் கைம்பெண்ணானார். மகளுக்கோ நான்கே மாதம். மருத்துவம் பயின்றால் இரவிலும் குழந்தையைப் பிரிய நேரும் என்றெண்ணி, கிண்டியில் மின் பொறியியல் பயின்று 1943இல் படிப்பை முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அவர், பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதைகளுக்கான வடிவமைப்பிலும் பங்கேற்றார்.

லலிதாவுக்கு உறவினர் தோள் கொடுத்தனர். கெல்லரின் மாணவியருக்குக் கல்லூரியே கதவு திறந்தது. உறவினரின் துணை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனவே, கல்விக்கூடமும் பணியிடமும் தாய்க்காகத் தம் ஒழுங்கைச் சற்றுத் தளர்த்துவது சலுகையன்று, நீதி. அறநெறி என்பது விதிகளில் மட்டுமன்று, ஒருவர் மற்றவர்க்குப் பொறுப்பேற்கும் உறவிலும் வேர்கொண்டுள்ளது என்று 1982இல் கேரல் கில்லிகன் எழுதிய நூல் உணர்த்தியது.

அப்பொறுப்பு பெண்ணுக்கு மட்டும் உரியதுமன்று. துளசி வனத்தில் கண்டெடுத்த பெண் மகவைப் பெரியாழ்வார் தாமே வளர்த்தார் என்பது திருவில்லிபுத்தூர் போற்றும் மரபு. கணக்கறிந்த மகள் ஒருத்தி குழந்தையோடு வந்து நின்றால், நம் இல்லத்திலும் பள்ளியிலும் ஆலையிலும் ஒரு தொட்டிலுக்கு இடம் உண்டா? நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.