கடல் கடந்த நிகாஹ்: நம் கரை கற்றுத் தரும் பாடம்



திசையன்விளையிலிருந்தும் சுற்று வட்டார ஊர்களிலிருந்தும் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகளில் சிலர், சென்ற இடத்தில் வேறு நாட்டார் ஒருவரை விரும்பி, அவரையே மணமுடிக்கப் பெற்றோரின் சம்மதம் கேட்கின்றனர். செய்தி வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். "நம்ம ஊரும் இல்லை, நம்ம பாஷையும் இல்லை, நம்ம குடும்பத்துக்கு இது ஒத்து வராது" என்று முகத்தைத் திருப்பிக் கொள்வது ஒன்று. மாப்பிள்ளை வசதியானவர், அரபு நாட்டவர் என்று கேள்விப்பட்டவுடன், எதையும் விசாரிக்காமல் தலையசைத்து விடுவது மற்றொன்று. இவ்விரண்டுமே தவறு என்பதற்கு நமது கடற்கரையின் வரலாறே சாட்சியாக நிற்கிறது.

விருப்பம் கொள்வது குற்றமா?

மதீனாவின் தெருக்களில் முகீஸ் (ரலி) என்ற அடிமை, தம்மை விட்டுப் பிரிந்த பரீரா (ரலி) அவர்களின் பின்னால் கண்ணீர் வடித்துக்கொண்டு நடந்த செய்தி புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த அன்பை ஏளனம் செய்யவில்லை, இரக்கத்துடன் பார்த்தார்கள். பரீராவிடம் அவருக்காகப் பரிந்தும் பேசினார்கள். ஆனால் அது கட்டளையன்று, பரிந்துரையே என்று தெளிவுபடுத்தினார்கள். பரீரா மறுத்தபோது அந்த மறுப்பை ஏற்றுக் கொண்டார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. மனிதனின் உள்ளத்தில் தோன்றும் அன்பு இழிவானதன்று. அதே வேளையில், அன்பு என்ற ஒன்றை மட்டும் காட்டி ஒரு பெண்ணின் உரிமையை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. மறைவான தனிமைச் சந்திப்புகளுக்கு மார்க்கத்தில் இடமில்லை. விருப்பத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, சாட்சிகளோடும் மஹரோடும் பொறுப்போடும் நிலைநிறுத்துவதற்குப் பெயர்தான் நிகாஹ். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

குதிரைக் கப்பல்கள் வந்த துறைமுகம்

நமது ஊரிலிருந்து கடற்கரையோரமாக வடகிழக்கே சென்றால் மணப்பாடு, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர், காயல்பட்டினம் என்று ஊர்கள் வரிசையாக வரும். அதற்கப்பால் தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் பழைய காயல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தின் சிறப்பை எழுதியுள்ளார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் இங்குதான் வந்து நின்றன. மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் இந்தப் பழைய காயலே என்று, 1881இல் வெளிவந்த தமது திருநெல்வேலி வரலாற்று நூலில் கால்டுவெல் எடுத்துக்காட்டினார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு வியப்பூட்டுவதாகும். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்பினார். பாரசீக வளைகுடாத் துறைமுகங்கள் அனைத்திலிருந்தும் வந்தவை 10,000. ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரிடம் அமைச்சராக இருந்தார்; காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவருடைய பொறுப்பில் இருந்தன.

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலம் அது. தென்மேற்குப் பருவக்காற்றில் இக்கரைக்கு வந்தவர், ஊர் திரும்ப வடகிழக்குக் காற்று வரும் வரை காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் தங்கிய வணிகர்களில் பலர் இங்குள்ள குடும்பங்களில் பெண் கேட்டு மணந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களும், இஸ்லாத்தைத் தழுவிய இம்மண்ணின் மக்களும் கலந்ததே நம் கடலோரச் சமுதாயம். காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹப் வேரூன்றியிருப்பதும், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இங்கே தழைத்ததும் அந்த உறவின் அடையாளங்களாகும்.

தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பெருமையுடன் கூறும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அந்த முன்னோர் இங்கே மணந்த பெண்கள் யார்? தமிழ் பேசிய, அரபு அறியாத பெண்கள். அன்று ஒரு தந்தை, "பாஷை தெரியாதவனுக்குப் பெண் இல்லை" என்று கதவை அடைத்திருந்தால், இன்று அந்தப் பெருமையைப் பேச யாரும் இருந்திருக்க மாட்டார்கள்!

வீடு பெண்ணுக்கு!

ஆனால் அந்தத் தந்தையர் கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுத்து விடவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் ஆகிய கடலோர ஊர்களில் இன்றளவும் ஒரு வழக்கம் இருக்கிறது. திருமணத்துக்குப் பின் பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்குச் சேர்கிறது.

ஆண்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடலில் இருக்கும் சமுதாயத்தில் இவ்வழக்கத்தின் பயன் எளிதில் விளங்கும். கணவன் திரும்ப வந்தாலும் வராவிட்டாலும் பெண்ணின் தலைக்கு மேல் கூரை இருந்தது. பிள்ளைகளைச் சுற்றித் தாயும் பாட்டியும் சிற்றன்னைமாரும் இருந்தனர். இன்று இவ்வழக்கம், மகள்களைப் பெற்ற தந்தை ஒவ்வொருவருக்கும் வீடு கட்டித் தந்தே தீர வேண்டும் என்ற சுமையாகவும் மாறியிருப்பதை மறுக்க முடியாது. ஆயினும் அதிலுள்ள அறிவு சிந்திக்கத்தக்கது: வெளியூரானை ஏற்றுக்கொள், ஆனால் உன் மகளை அவனுடைய கப்பலின் கயிற்றில் கட்டி விடாதே!

இப்னு பதூதா எழுதிய சாட்சி

இத்தகைய பாதுகாப்பில்லாத மணங்கள் எப்படி முடிந்தன என்பதற்கு, மாபெரும் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் நூலே ஆதாரம். மொராக்கோவின் தன்ஜா நகரில் 1304இல் பிறந்த அவர், 1343இன் இறுதியில் மாலத்தீவுக்கு வந்து அங்கே காழியாகப் பணியாற்றினார். அரசி கதீஜா ஆண்ட காலம் அது. அங்கே மஹர் மிகக் குறைவு. கப்பல் வந்ததும் மாலுமிகள் மணமுடிப்பர். கப்பல் புறப்படும்போது தலாக் கூறி விடுவர். அந்நாட்டுப் பெண்கள் தம் நாட்டை விட்டு வெளியேறுவதில்லை என்று அவர் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார்.

அவரும் அங்கே பல பெண்களை மணந்தார். அவர்களில் ஒருவரின் நற்குணத்தை மனமாரப் புகழ்ந்திருக்கிறார். எனினும் 1344இல் புறப்பட்டபோது அம்மணங்கள் முறிந்தன. கருவுற்றிருந்த மனைவிக்குத் தவணை வைத்து விட்டுக் கடலேறினார். பின்னர் இலங்கை வழியாக நம் தமிழ்க் கரைக்கு வந்து, மதுரை சுல்தான் கியாஸுத்தீனைச் சந்தித்தார். சுல்தானின் மனைவியும், தில்லியில் இப்னு பதூதா மணந்திருந்த மனைவியும் சகோதரிகள்.

அதற்குப் பின் தம் மகனைக் காண அவர் மீண்டும் மாலத்தீவுக்குச் சென்றார். குழந்தையை அவரிடம் கொண்டு வந்து கொடுத்தனர். தாய் துயருற்றாள். அவனை அவனுடைய மக்களிடமே விட்டு விடுவதுதான் நல்லது என்று கண்டு, திருப்பிக் கொடுத்து விட்டுச் சில நாட்களில் கப்பலேறினார். உலகம் போற்றும் அந்த நூல் 1355இல் எழுதி முடிக்கப்பட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து என்னவானான் என்ற செய்தி அதில் இல்லை. மார்க்கம் கற்றறிந்த ஒரு காழியின் வாழ்க்கையிலேயே இப்படி நடந்திருக்கிறது என்றால், சாதாரண மனிதர்களைப் பற்றி என்ன சொல்வது? தவணை குறித்துச் செய்யப்படும் நிகாஹை நான்கு மத்ஹபுகளும் ஏற்பதில்லை என்பதன் நியாயம், அத்தாயின் துயரத்தைப் பார்த்தால் விளங்கும்.

யமனிலிருந்து மலாக்கா வரை

இதற்கு நேர்மாறான ஒரு குடும்பத்தையும் பார்ப்போம். நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ், 1849இல் அச்சான தமது தன்வரலாற்றில் குடும்பத்தின் கதையைக் கூறுகிறார். அவருடைய பாட்டனாரின் தந்தை ஷைகு அப்துல் காதிர், யமன் நாட்டு அரபி. அவர் நாகூருக்கு வந்து மார்க்கம் கற்பித்து, அங்கேயே மணமுடித்து, நான்கு ஆண்மக்களைப் பெற்று வாழ்ந்தார். மக்கள் கிழக்கே கடல் கடந்தனர். அவர்களில் முஹம்மது இப்ராஹீம் மலாக்காவில் தங்கி, மீரா லெப்பை என்பவரின் மகள் பீரி ஆச்சியை மணந்தார். அவர்களின் மகன் வழிப் பேரனே முன்ஷி அப்துல்லாஹ்.

அரபு, தமிழ், மலாய் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே வீட்டில் சங்கமித்தன. மலாக்காவின் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தை அறிந்த தந்தை, மகனைத் தமிழும் படிக்க வைத்தார். அரபி ஒருவர் நாகூரை இடைவழிச் சத்திரமாகக் கருதாமல் வீடாக்கிக் கொண்டதால் விளைந்த பரக்கத் இது. இத்தகைய கலப்புக் குடும்பங்களின் வழிவந்த ஜாவிப் பெரனாக்கன் மக்கள்தாம், 1876இல் சிங்கப்பூரில் முதல் மலாய் மொழிச் செய்தித்தாளை நடத்தினர்.

பர்மா தந்த எச்சரிக்கை

அருகிலுள்ள பர்மாவிலோ நிலைமை வேறாக இருந்தது. ரங்கூனுக்குப் பிழைக்கச் சென்ற இந்திய ஆண்களில் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்தனர். முஸ்லிம் ஒருவருக்கும் பௌத்தப் பெண்ணுக்கும் இடையிலான உறவை ஷரீஅத் சட்டம் திருமணமாக ஏற்காததால், அப்பெண்களின் நிலையும் வாரிசுரிமையும் கேள்விக்குறியாயின. 1938 ஜூலையில் மூண்ட கலவரத்தை விசாரித்த குழு, அதன் பின்னணியில் இருந்த மனக்குறைகளில் இத்திருமணப் பிரச்சினையையும் ஆராய்ந்தது. 1939இல் பௌத்தப் பெண்களின் திருமணம், வாரிசுரிமை பற்றித் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசியதும், லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் தாயகம் திரும்பினர். போர் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்தது. எந்தப் போரையும் நாம் தடுக்க முடியாது. ஆனால் சட்டத்தில் நிற்கும் திருமணத்துக்கும் நிற்காத உறவுக்கும் உள்ள வேறுபாடு, இத்தகைய நாளில்தான் ஒரு பெண்ணின் கழுத்தை இறுக்குகிறது.

நம் காலத்திலும்...

இது பழங்கதை என்று எண்ணி விட வேண்டாம். கேரளக் கடற்கரையில் "அரபிக் கல்யாணம்" என்று ஒரு சொல்லே வழங்கி வந்தது. 2013இல் கோழிக்கோட்டில், அநாதை இல்லத்தில் வளர்ந்த 17 வயதுப் பெண் ஒருத்தியை அமீரக நாட்டவர் ஒருவர் மணந்து, சில வாரங்களிலேயே விட்டுச் சென்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவரை நாடு வேறு என்பதற்காகக் குறை கூற முடியாது. விசாரிக்காமல் கொடுத்தவர்களே முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அன்பர்களே! எனவே பிள்ளைகள் வேறு நாட்டவரை விரும்புவதாகச் சொன்னால், "எந்த நாடு?" என்ற கேள்வியோடு நின்று விடாதீர்கள். காயல் தந்தையர் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். வரப்போகிறவரின் மார்க்கமும் ஒழுக்கமும் எப்படி? அவருக்கு அங்கே வேறு மனைவி மக்கள் உண்டா? அவருடைய ஊர் ஜமாஅத்தோ குடும்பமோ அவருக்காகப் பேச முன்வருகிறதா? மஹர் கையில் தரப்படுகிறதா, பேச்சளவில் நிற்கிறதா? நாளை இருவருக்கும் பிணக்கு வந்தால் நம் பெண் எங்கே, எந்த வீட்டில் நிற்பாள்?

சட்டத்தையும் அறிந்து கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, எம்மதத்தினராயினும் திருமணத்தைப் பதிவு செய்தல் கட்டாயம். பள்ளிவாசல் நிகாஹ் பதிவேடு மட்டும் போதாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இந்தியரை மணந்த வெளிநாட்டவர், பதிவு மூலம் குடியுரிமை கோருவதற்கு முன் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். மணந்த மறுநாளே குடியுரிமை கிடைத்து விடும் என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. அந்த நாடு தம் குடிமக்கள் வெளிநாட்டவரை மணக்க முன் அனுமதி கேட்கிறதா என்பதையும், பிறக்கும் குழந்தைக்கு எந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கும் என்பதையும் நிகாஹுக்கு முன்பே விசாரித்து விடுங்கள்.

நம் வீட்டுப் பையன்களுக்கும் ஒரு சொல். சென்ற நாட்டில் ஒரு பெண்ணை மணப்பவர், அவளை உம்மா வாப்பாவிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்யத் துணிந்தவராக இருக்க வேண்டும். விசா முடியும் நாளோடு முடியும் உறவுக்கு நிகாஹ் என்று பெயர் சூட்டக் கூடாது. மணமகள் பிற நாட்டவள் என்பதால் அவளுடைய உரிமையில் அணுவளவும் குறைவதில்லை. அப்படி வந்த மருமகளைத் தமிழ் தெரியவில்லை என்று ஒதுக்கி வைக்கும் மாமியார், தம் குடும்பத்தின் முதல் மாப்பிள்ளைக்கும் ஒரு காலத்தில் தமிழ் தெரியாது என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

மக்களைப் பல இனங்களாகப் படைத்த அல்லாஹ், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்து கொள்வதையே அதன் நோக்கமாகக் கூறுகிறான். நம் பிள்ளைகளின் மணவாழ்வை, நாடு எதுவாயினும், அன்பும் நீதியும் நிலைத்த வாழ்வாக அவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.