கணனியின் நினைவகம்: பெருக்குவதா, அமைவதா?

ஓலையிலும் தாளிலும் தன் நினைவைப் பொறித்து வைத்த மனிதன், இயந்திரத்துக்கும் நினைவை அளித்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாம். இன்று அவ்வியந்திரம் மடிக்கணனி என்னும் வடிவில் இல்லந்தோறும் புகுந்துள்ளது. பிள்ளையின் படிப்பும் பெற்றோரின் அலுவலும் அந்த ஒன்றையே நம்பியிருக்கும் வீடுகள் பல. அது மெல்ல மெல்லத் தளரத் தொடங்கும்போது வினா ஒன்று எழுகின்றது: பணம் செலவிட்டு நினைவகத்தைப் பெருக்குவதா, இருப்பதைக் கொண்டு அமைவதா? இது புதிய வினா அன்று. கணனியோடு உடன்பிறந்ததாதலின், விடையையும் கணனியின் வரலாற்றிலேயே தேடுவது தகும்.

முதற்கண் ஒரு வேற்றுமையைத் தெளிதல் வேண்டும். கணனியில் நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு. சேமிப்பகம் அலுமாரி போன்றது. நினைவகம் எழுதும் மேசை போன்றது. அலுமாரியில் ஆயிரம் ஏடுகள் இருக்கலாம். எனினும், மேசைமீது விரித்து வைத்த ஏட்டைக் கொண்டே வேலை நடைபெறும்.

1948 ஆம் ஆண்டு யூன் 21 ஆம் நாள், இங்கிலாந்தின் மாஞ்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் சிறிய கணனி ஒன்று, தன் நினைவகத்தில் வைத்த நிரலைத் தானே படித்து இயங்கியது. பிரெட்ரிக் வில்லியம்ஸ், ரொம் கில்பேர்ன் ஆகியோர் ஆக்கிய நினைவகத்தை அது கொண்டிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியிற் காணப்பட்டது போன்ற கதோட்டுக்கதிர்க் குழாய் ஒன்றே அந்நினைவகம். அதன் கொள்ளளவு 1024 பிற், அதாவது 128 பைற் மட்டுமே.

நினைவகத்தை மாற்றியதால் ஒரு கணனியின் நிலையே மாறியதற்கு அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகம் சான்று தரும். அங்கு இயங்கிய ‘வேள்விண்ட்’ என்னும் கணனி குழாய் நினைவகத்தினால் ஓயாது இடருற்றது. 1953 இல், ஜே பொறெஸ்ரரின் முயற்சியால், சிறு காந்த வளையங்களைக் கம்பியிற் கோத்த நினைவகம் அதற்குப் பொருத்தப்பட்டது. இயங்கும் வேகம் இரட்டித்தது. நாள்தோறும் நான்கு மணிநேரத்தை விழுங்கிய நினைவகப் பராமரிப்பு, வாரத்துக்கு இரண்டு மணிநேரமாகக் குறைந்தது. இங்கே நினைவகமே இடையூறாக இருந்தது; ஆதலின் அதனை மாற்றியது பயன் தந்தது. ‘ஆதலின்’ என்னும் இச்சொல்லை நேயர்கள் மனத்திற் கொள்ளல் நன்று.

காந்த வளைய நினைவகம் விலை மிகுந்தது. ஆகவே, அதனைப் பெருக்காமலே பெரிதெனக் காட்டும் வழியை அறிஞர் நாடினர். 1962 இல் மாஞ்செஸ்ரரில் தொடக்கி வைக்கப்பட்ட ‘அற்லஸ்’ கணனி, ஏறத்தாழப் பதினாறாயிரம் சொற்கள் கொண்ட நினைவகத்தையும், அதனின் ஆறு மடங்கான காந்த உருளைச் சேமிப்பையும் இணைத்து, இரண்டையும் ஒன்றேபோல் நிரலருக்குக் காட்டியது. மேசையில் இடமில்லாவிடில் ஏடொன்றை அலுமாரிக்கு அனுப்பி, வேண்டியதை மீட்டுக் கொணரும் ஏற்பாடு இது. இன்றைய மடிக்கணனிகளும் இம்முறையையே கையாள்கின்றன.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 1968 இல் பீற்றர் டெனிங் அதனை ஆராய்ந்து விளக்கினார். வேலைக்கு ஒரே வேளையில் வேண்டிய ஏடுகள் மேசையின் அளவை விஞ்சினால், கணனி ஏடுகளை எடுப்பதிலும் வைப்பதிலுமே காலத்தைக் கழிக்கும். உரிய வேலை நடைபெறாது. மாறாக, வேண்டியன யாவும் மேசையில் அடங்குமாயின், மேசையை இன்னும் அகலமாக்குவதால் வரும் நயம் சிறிதே.

1966 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் றொபேட் டென்னாட், ஒரு திரான்சிஸ்ரரும் ஒரு மின்கொள்ளியும் கொண்டு ஒரு பிற்றைக் காக்கும் வழியைக் கண்டார். அதிலுள்ள மின்னேற்றம் கசிந்துவிடும். ஒரு வினாடிக்குள் பல தடவை அதனைப் புதுப்பித்தல் வேண்டும். மின் நின்றால் நினைவும் நீங்கும். ஆயினும் அது எளிமையானது. 1970 இல் இன்ரெல் நிறுவனம் 1024 பிற் கொண்ட இயங்குநிலை நினைவகச் சில்லை விற்பனைக்குக் கொணர்ந்தது. காலப்போக்கில் காந்த வளையங்கள் விடைபெற்றன. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியின் தொடக்க நினைவகம் 16 கிலோபைற் மட்டுமே. ஆயினும் வாங்கியவர் மூடியைத் திறந்து மேலும் சேர்த்துக்கொள்ள அதில் இடமிருந்தது.

நினைவகம் வளரவே நிரல்களின் பசியும் வளர்ந்தது. 1995 இல் வந்த விண்டோஸ் 95 குறைந்தது 4 மெகாபைற்றை வேண்டிற்று. 2021 இல் வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைற்றை வேண்டியது. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! இப்பசியைக் கண்டு ஏமாற்றமும் தலைகாட்டியது. 1995 இல் ‘சொவ்ற்றாம் 95’ என்னும் மென்பொருள், நினைவகத்தை இரட்டிப்பாக்குவதாகக் கூறி விற்கப்பட்டது. ஆய்ந்தவர்கள் அது அவ்வாறு எதனையும் செய்யவில்லை எனக் கண்டனர். 1996 இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அதன்மீது நடவடிக்கை எடுத்தது.

பின்னர் வேறொரு மாற்றம் நேர்ந்தது. 2008 இல் வெளிவந்த மக்புக் எயார் மடிக்கணனியில், மெல்லிய வடிவின்பொருட்டு நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டது. பிற நிறுவனங்களின் மெல்லிய கணனிகள் பலவும் அவ்வழியே சென்றன. அத்தகைய கணனியில் பெருக்கும் வினாவுக்கு வாங்கும் நாளன்றே விடை காணல் வேண்டும். கழற்றக்கூடிய மெல்லிய நினைவகத்துக்கான பொது நியமம் ஒன்று 2023 இறுதியில் வெளியானது ஓர் ஆறுதல்.

இவ்வரலாறு காட்டும் நெறி யாது? வழமையான வேலை நடைபெறும் வேளையில் கணனியின் நினைவகப் பயன்பாட்டுக் கணக்கை நோக்குக. நினைவகம் நிறைந்திருப்பது மட்டும் சான்றாகாது. வெற்றிடத்தையும் பயன்கொள்வது இன்றைய கணனியின் இயல்பு. நினைவகம் நிறைந்து, சேமிப்பகமும் ஓயாது உழலுமாயின், டெனிங் கூறிய நோய் அதுவே. நினைவகத்தைப் பெருக்குவது மருந்தாகும். நினைவகத்தில் இடமிருந்தும் கணனி தளருமாயின், நோய் வேறிடத்தில் உள்ளது. சுழலும் பழைய வன்தட்டை நீக்கித் திண்மநிலைத் தட்டைப் பொருத்துவது அப்போது கூடிய பயன் தரலாம். பெருக்குவதெனத் துணிந்தால், நினைவகம் கழற்றக்கூடியதா, கணனி ஏற்கும் உச்ச அளவு எவ்வளவு, அதற்குரிய வகை யாது என்பவற்றை முன்னரே அறிதல் வேண்டும். ஒரு தலைமுறை நினைவகம் மற்றொரு தலைமுறைக் கணனியிற் பொருந்தாது.

பொறெஸ்ரர் முதலில் நோயைக் கண்டார். பின்னரே மருந்தைத் தேடினார். மாபெரும் ஆய்வுகூடத்துக்குப் பொருந்திய அந்த ஒழுங்கு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கையிற் பிடித்துக் கடை வாயிலில் நிற்கும் குடும்பத்துக்கும் பொருந்தும்.