குட்டி கேட்டுப் போன வழி

வைகைக்கும் தாமிரவருணிக்கும் இடையே விரிந்து கிடக்கும் கரிசல் சீமையில், ஒரு வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்னும் செய்தி, அவ்வீட்டாருக்குச் சிநேகிதரும் பந்துக்களுமாக நாலைந்து ஊர்களில் இருந்தவர்களைப் பிரயாணத்துக்கு ஆயத்தப்படுத்திய காலம் ஒன்று உண்டு. கலியாணத்துக்கும் துஷ்டிக்கும் போவது கடமை. குட்டி பார்க்கப் போவதோ கடமையும் ஆசையும் ஒன்றுசேர்ந்த காரியம். அரசர்களையும் யுத்தங்களையும் விஸ்தாரமாகப் பேசும் சரித்திர நூல்களில் இடம்பெறாத இந்தச் சிறு பிரயாணங்களே, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று இன்று நாம் பெயர் சொல்லிப் பெருமைப்படும் நாய் வர்க்கங்களைப் பல தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்தன என்பது என் கருத்து.

நல்ல நாயைத் தேடித் தூரதேசத்திலிருந்து தருவிக்கும் வழக்கம் மிகப் புராதனமானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கச் சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோனை ஆண்ட பாரசீக அதிகாரி ஒருவரிடம் இந்திய நாய்கள் ஏராளமாக இருந்தன என்றும், அவற்றுக்கு ஆகாரம் கொடுக்கும் பொறுப்பை ஏற்றதற்காக நான்கு பெரிய கிராமங்கள் மற்ற வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தன என்றும் எழுதிவைத்திருக்கிறார். நம் நாட்டிலோ நாய்க்கு அதைவிடப் பெரிய கௌரவம் கிடைத்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்ட வீரக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயின் உருவத்தையும் தாங்கி நிற்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செயலையும் கல்லிலே பொறித்தவர்கள், அதை ஊர்க்காவலில் உயிர்த்துணையாகவே மதித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

தென்பாண்டிச் சீமைக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் அதற்குக் கிழக்கேயுள்ள கரிசலிலும் பாளையக்காரர்கள் நிலைகொண்டார்கள். வேட்டை அவர்களுக்கு விநோதமாகவும் படைப்பயிற்சியாகவும் இருந்தது. கட்டபொம்மன் வம்சத்து முன்னோர் ஒருவர் வேட்டைக்குப் போன இடத்தில், ஒரு முயல் திரும்பி நின்று வேட்டை நாய்களையே விரட்டியதாகவும், அந்த மண்ணின் வீரத்தை உத்தேசித்து அங்கேயே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்ததாகவும் ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகிறது. விஜயநகரத்துக்கும் இதே கதை சொல்லப்படுவதால் இதைச் சரித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் முயல் நாயை விரட்டியதை ஓர் அதிசயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்த நாயிடமிருந்து முயல் தப்பாது என்பது கேட்பவர் அனைவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டுமல்லவா? கதை பொய்யானாலும் நாயின் கீர்த்தி மெய்.

அந்தக் கீர்த்திக்கு நிலமே காரணம். மரங்கள் அருகி, பருத்தியும் கம்பும் அறுவடையான பின் அடிவானம் வரையில் வெறுமையாகக் கிடக்கும் கரிசலில், மோப்பத்தைவிடக் கண்ணும் காலுமே வேட்டைக்கு உதவும். ஆகவே ஒடுங்கிய இடுப்பும், ஆழ்ந்த மார்பும், நீண்ட முகமும், ஒட்டிய வயிறும் கொண்ட, கண்ணால் கண்டு காலால் வெல்லும் நாய் அங்கே உருவாயிற்று. கம்பங்கூழையும் கேழ்வரகுக் கூழையும் உண்டு, வேட்டையன்று மாத்திரம் மாமிசம் கண்டு, சித்திரை வெயிலையும் பொறுத்துக்கொண்டு வளர்ந்தது அது. சம்சாரி வீட்டில் காவலுக்கும், கிடையில் ஆட்டுக்கும், புஞ்சையில் முயலுக்கும் ஒரே நாய் பயன்பட்டபடியால், அதன் லட்சணம் அழகைப் பற்றியதாக இல்லாமல் தொழிலைப் பற்றியதாக இருந்தது. செவலையா, மயிலையா, சாம்பலா என்பது அடையாளம் சொல்வதற்கு உதவியதேயன்றி மதிப்பைத் தீர்மானிக்கவில்லை.

இத்தகைய நாய்க்குச் சந்தை கிடையாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விசேஷம். மாட்டுக்குத் தாவணி உண்டு, ஆட்டுக்கு வாரச் சந்தை உண்டு, நாய்க்கு இல்லை. முக்கியமாகக் கன்னி நாயை விற்பது கௌரவக் குறைவாகக் கருதப்பட்டது. நன்றாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுப்பவருக்கே அதன் குட்டி கொடுக்கப்படும். பெண்ணுக்குச் சீதனமாக அது புக்ககத்துக்குச் சென்றதுமுண்டு. ஆகையால் குட்டி வேண்டுவோர் பணத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவதில் பயனில்லை. உறவையோ சிநேகிதத்தையோ முன்னிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

நாய் சினையாகி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஈனும். குட்டிகள் இரண்டு வாரத்தில் கண் திறக்கும். எட்டு வாரமாவது தாய்ப்பாலும் கூட்டமும் அவற்றுக்கு அவசியம். இதனால் குட்டி பார்க்கப் போவது ஒன்று, எடுத்துவரப் போவது மற்றொன்று என்று பிரயாணம் இரண்டாக அமைந்துவிடும். பிடரித் தோலைப் பற்றித் தூக்கினால் எது கத்தாமல் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் உண்டு. காலில் நகத்தை எண்ணுபவர்கள் உண்டு. பால் குடிக்கையில் எது மற்றவற்றைத் தள்ளிக்கொண்டு முன்னே வருகிறது என்று அரைநாள் பொறுமையாக உட்கார்ந்து கவனிப்பவர்களும் உண்டு. இந்தப் பரீட்சைகளில் சில வெறும் நம்பிக்கை. சில பழுத்த அநுபவம். ஆனால் அங்கே மற்றொரு பரீட்சையும் நடந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர், வந்தவர் நாயை எப்படித் தொடுகிறார், என்ன விசாரிக்கிறார், வீட்டில் யார் கூழ் ஊற்றுவார்கள் என்பதையெல்லாம் பேச்சோடு பேச்சாக அறிந்துகொண்டு, அதன்பிறகே மனத்துக்குள் ஒரு தீர்மானத்துக்கு வருவார்.

இங்கிலாந்தில் 1859இல் நியூகாஸில் நகரத்தில் நாய்க் கண்காட்சி தொடங்கி, 1873இல் கென்னல் கிளப் ஸ்தாபிதமாகி, ஒவ்வொரு நாயின் பெற்றோர் பெயரும் புத்தகத்தில் ஏறத் தலைப்பட்டது. கரிசலில் அந்தப் புத்தகத்தின் வேலையைச் செய்தது சிநேகிதம். இன்னார் வீட்டுப் பெட்டை, இன்னார் வீட்டுக் கடுவன், அதற்குத் தாய் இன்ன ஊரிலிருந்து வந்தது என்று மூன்று நான்கு தலைமுறை வம்சாவளியைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒப்புவிக்கக் கூடியவர்கள் இருந்தார்கள். கொடுத்தவர் கொண்டவர் வீட்டுக்குப் போய்வந்துகொண்டே இருந்ததனால், குட்டி எப்படி வளர்ந்தது, வேட்டையில் சோடை போயிற்றா என்பது தானாகத் தெரிந்துவிடும். அடுத்த முறை எதனோடு எதைச் சேர்ப்பது என்பதற்கு அதுவே ஆதாரம். காகிதம் இல்லாத குறையைப் போக்குவரத்து தீர்த்துவைத்தது.

அந்தப் போக்குவரத்து நடந்த பிரதான வழி, திருமங்கலத்தில் பிரிந்து, கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி வழியாகச் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கொல்லம் செல்லும் பெருஞ்சாலை. மாட்டுவண்டிக் காலத்தில் இது நாள் கணக்கான பிரயாணம். 1904இல் செங்கோட்டை வழியே கொல்லத்துக்கும், 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கும் ரயில் வந்தபின், கார்டு வண்டியின் நாய்ப்பெட்டியில் வளர்ந்த நாய்கூடப் போகலாம் என்றாயிற்று. மதுரையில் 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்தின் பஸ்களும், அவற்றைப் பின்பற்றி வந்தவையும் ஊருக்கு ஊர் எட்டியபோது, ஓலைக்கூடையில் குட்டியை வைத்து மேலே துணியை மூடிக் கொண்டுவருவது சர்வசாதாரணமாயிற்று.

சமீபத்தில் நண்பர்கள் சிலரோடு காரில் இதே சாலையில், ராஜபாளையத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்குள்ள எங்கள் சிநேகிதர் வீட்டுப் பெட்டை குட்டி போட்டிருந்தது. மேற்கே மலையும், வழியெல்லாம் தென்னந்தோப்பும், 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் மில் தொடங்கிய பின் பெருகிய நூற்பாலைகளும் கண்ணில் பட்டனவேயன்றி, நாய் ஓடக்கூடிய வெட்டவெளி அதிகம் தென்படவில்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் குட்டிகளை நோக்கி நாங்கள் விரைந்தபோது, சிநேகிதருடைய தகப்பனார், “அண்ணாச்சி, மொதல்ல தாயைப் பாருங்க, குட்டி எங்கயும் ஓடிப்போயிராது” என்றார். பிறகு அந்தத் தாயின் தாயைப் பற்றியும், அது வந்த ஊரைப் பற்றியும் அவர் சொன்ன விருத்தாந்தம் சாப்பாட்டு வேளை வரைக்கும் நீண்டது. குட்டி யாருக்கு என்ற பேச்சு அன்றைக்கு எழவேயில்லை.

இந்தச் சம்பிரதாயம் தேய்ந்ததற்குக் காரணங்கள் பல. 1948ஆம் வருஷத்துச் சென்னை ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அரண்மனை வேட்டை அஸ்தமித்தது. 1972இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் நாளடைவில் முயல் வேட்டையும் தடைபட்டது. வனவுயிர்களின் நன்மைக்கு அது அவசியமே என்றாலும், வேட்டை நாய்க்குப் பூர்வீகத் தொழில் போயிற்று. வெறும் கரிசலாக இருந்த இடங்களைச் சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டது. தொழில் போனபின் எஞ்சியது தோற்றம். தூரத்து நகரங்களிலிருந்து ராஜபாளையம் நாயை விரும்பியவர்கள், அது தூய வெள்ளையாகவும், மூக்கு இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டுமென்று கேட்டார்கள். அவ்வர்க்கத்தில் பழுப்பும் கறுப்புமாகப் பிறந்தவை ஒதுக்கப்பட்டன. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களே உட்செவியின் செயலுக்கும் வேண்டியவை. ஆதலால் வெண்மையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கிய சந்ததியில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கலாயின. திரும்பி வந்து பார்க்கும் சிநேகிதருக்குக் கொடுத்திருந்தால், ஒரு தலைமுறைக்குள் வெளிப்பட்டிருக்கக்கூடிய குறை இது. விலை கொடுத்து வாங்கிச் சென்றவர் திரும்பி வருவதில்லையாதலால், விற்றவருக்கு அது தெரியாமலே போயிற்று.

1980-81இல் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஏற்பட்டதும், 2005 ஜனவரியில் இந்தியத் தபால் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்றாக இடம்பெற்றதும், இந்நாய்களின்பால் பொதுஜன அபிமானம் திரும்பியதற்கு அடையாளங்கள். அபிமானம் நல்லதுதான், ஆயினும் அதனால் தேவை பெருகி, தேவையால் வியாபாரம் பெருகி, தாயைக் கண்ணால் காணாமலே படத்தைப் பார்த்துக் குட்டிக்கு முன்பணம் அனுப்பும் காலமும் வந்துவிட்டது.

பழைய முறையில் குறைகள் இல்லாமலில்லை. ஒரு சில ஊர்களுக்குள்ளும் ஒரு சில குடும்பங்களுக்குள்ளும் அடைபட்ட சிநேகிதம், வெளியாருக்குக் கதவைச் சாத்தியது. நெருங்கிய ரத்தத்தில் சேர்க்கை நடக்கவும் இடம் கொடுத்தது. பதிவுப் புத்தகமும் வைத்தியப் பரிசோதனையும் இன்று இன்றியமையாதவை. ஆனால் புத்தகம் ஒரு நாயின் பிறப்பைச் சொல்லுமேயன்றி, அது போன வீட்டில் வாழ்ந்த வாழ்வைச் சொல்லாது. குட்டியை வாங்குபவர் ஒருமுறை நேரில் போய்த் தாயைப் பார்ப்பதும், கொடுத்தவர் ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு வந்து குட்டியைப் பார்ப்பதும் பெரிய செலவல்ல. முன்னோருக்கு நாள் கணக்கில் ஆன வழி இன்று நமக்கு நாழிகைக் கணக்கில் ஆகிறது. இவ்வளவு வசதி இருந்தும் அப்பிரயாணத்தைக் கைவிடுவோமானால், நாயை ஆதரித்தவர்கள் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்வதற்கு நியாயமில்லை.