வினைமுதல் இல்லாத அழிவு: ஒரு ஜப்பானிய வீடியோ கேமும் 1945இன் நினைவும்

(கதையின் இறுதி முடிச்சு இப்பதிவில் வெளிப்படுகிறது. விளையாடவிருப்போர் பின்னர் வாசிக்கலாம்.)

1945 ஆகஸ்டில் நிகழ்ந்ததைக் குறிக்க ஜப்பானிய மொழியில் இரு சொற்கள் உள்ளன. ‘ஹைசென்’ என்றால் போர்த்தோல்வி. ‘ஷூசென்’ என்றால் போர்முடிவு. பொதுவழக்கில் நிலைபெற்றது இரண்டாவதே. தோல்வி என்று சொன்னால் தோற்றவர் யார், போரைத் தொடங்கியவர் யார் என்ற வினாக்கள் உடன் எழும். முடிவு என்பதற்கு வினைமுதல் தேவையில்லை. மழை ஓய்வதுபோலப் போரும் ஓய்ந்துவிடுகிறது. இந்தச் சொல்லாட்சியின் அரசியலை ஆய்வாளர்கள் பலர் சுட்டியுள்ளனர். வெகுசனக் கலையில் அது எவ்வாறு தொடர்கிறது, எங்கே உடைகிறது என்பதைக் காண, வனிலாவேர் நிறுவனம் உருவாக்கி, 2019 நவம்பரில் ஜப்பானில் வெளியான ‘13 சென்டினல்ஸ்: ஏஜிஸ் ரிம்’ என்ற அறிவியல் புனைவு விளையாட்டு நல்ல களம்.

முதலில் வடிவத்தின் வரலாறு. கதைக்குள் உலவித் துப்புத்துலக்கும் விளையாட்டு மரபை ஜப்பானில் பரவலாக்கியது யூஜி ஹோரி 1983இல் உருவாக்கிய ‘போர்ட்டோப்பியா தொடர் கொலை வழக்கு’. கட்டம் கட்டமாகப் படை நகர்த்தும் போர்த்தந்திர மரபுக்கு 1990இல் வந்த ‘ஃபயர் எம்பளம்’ ஒரு தொடக்கப் புள்ளி. இவ்விரண்டையும் 1996இல் சேகா சாட்டர்ன் கருவிக்கு வந்த ‘சகுரா போர்’ இணைத்தது. அதில் நாயகன் தன் படையினரான பெண்களுடன் எப்படிப் பேசுகிறான் என்பது களத்தில் அவர்களின் ஆற்றலைத் தீர்மானிக்கும். உரையாடலும் போரும் ஒன்றையொன்று பாதிக்கும் அமைப்பு அது.

அவ்விளையாட்டு நிகழும் காலம் 1920கள். பேரரசர் தாய்ஷோவின் ஆட்சிக்காலம். ஆனால் அச்சகாப்தத்தின் பெயரிலுள்ள முதல் எழுத்தில் ஒரு புள்ளியைக் கூட்டி, ‘பெரிய’ என்று பொருள்படும் எழுத்தை வேறோர் எழுத்தாக்கிவிட்டனர். ஒலிப்பு மாறுவதில்லை, வரலாறு மாறிவிடுகிறது. நீராவி எந்திரங்கள் ஓடும் அந்த மாற்று டோக்கியோ, உண்மையில் அடுத்து வந்த ராணுவமயத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

‘13 சென்டினல்ஸ்’ அந்தப் புள்ளியை இடவில்லை. அதன் காலப்படிகள் நாற்பதாண்டு இடைவெளியில் 1945, 1985, 2025, 2065, 2105 என்று வெளிப்படையாக நிற்கின்றன. பதின்மூன்று பதின்வயதினர் ராட்சத எந்திரங்களை இயக்கி, ‘தெய்மோஸ்’ எனப்படும் கைஜூக்களிடமிருந்து நகரைக் காக்கின்றனர். கைஜூ மரபே போர் நினைவில் வேர்கொண்டது. 1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் நடந்த அமெரிக்க ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘காட்ஜில்லா’ திரைக்கு வந்தது.

கதையின் மையம் 1985. அதே ஆண்டில்தான் சுகுபா நகரில் அறிவியல் கண்காட்சி நடந்தது. செப்டம்பரில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வெளியானது. பிளாசா உடன்படிக்கை கையெழுத்தானது. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் நாகாசோனே, போர்க்குற்றவாளிகளும் நினைவுகூரப்படும் யாசுகுனி ஆலயத்துக்கு அரசுமுறையில் சென்றார். சீனாவில் எதிர்ப்பு எழுந்தது. விளையாட்டில் இவ்வாண்டு அந்திவெயில் படிந்த பள்ளிச் சாலைகளாக, ஏக்கத்தின் நிறத்தில் தீட்டப்பட்டுள்ளது. போர்க்காலத்திலிருந்து அங்கு வந்துசேரும் ஹிஜியாமா, மியுரா என்னும் இரு இளைஞர்கள் அந்தச் செழிப்பைத் திகைப்புடன் காண்கின்றனர். ஹிஜியாமா வறுத்த நூடுல்ஸ் வைத்த ரொட்டிக்கு அடிமையாவது நகைச்சுவைதான். எனினும் பஞ்சகாலத்து வயிறு ஒன்று செழிப்பான காலத்தின் உணவை உண்ணும் காட்சியும் அது.

விளையாட்டு மூன்று பகுதிகளாகப் பிரிந்துள்ளது. ஜப்பானிய மூலத்தில் அவை ‘துய்சோ’, ‘ஹோகாய்’, ‘க்யூமெய்’: கடந்ததை நினைத்தல், சரிதல், ஆராய்ந்து தெளிதல். ஆங்கிலப் பதிப்பு ‘ஹோகாய்’ என்பதை அழிப்பாக்கிவிட்டது. மூலச்சொல்லோ தன்வினை, தமிழில் அழிப்புக்கும் அழிவுக்கும் உள்ள வேறுபாடே இங்கும். அழிப்பவர் இல்லாமலேயே நகரம் அழிகிறது. போர்க்காட்சிகளும் அதற்கேற்பவே அமைந்துள்ளன. கதைப்பகுதியில் ஓவியமாகக் கண்ட தெருக்கள் இங்கே மேலிருந்து பார்க்கும் ஒளிக்கோட்டு வரைபடமாகின்றன, எதிரிகள் நிறப்புள்ளிகளாகின்றனர். குண்டுவீச்சு விமானத்திலிருந்து நகரம் தெரியும் விதம் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

ஆயினும் எந்தப் பகுதியிலும் மற்றவற்றை விட்டு முன்னேற இயலாது. போரிடாதவருக்கு நினைவு திறப்பதில்லை. நினைவைத் தொடராதவருக்கு அடுத்த போர் வருவதில்லை. சிதறிய காட்சிகள் மூன்றாம் பகுதியில் கால வரிசைக்கு வருகின்றன. அப்போது உண்மை தெரிகிறது: அந்த ஆண்டுகள் எவையும் காலங்கள் அல்ல, செயற்கையாகக் கட்டப்பட்ட மெய்நிகர் வட்டாரங்கள். கைஜூக்களும் ஒரு விளையாட்டின் நிரலிலிருந்து மனிதக் கைகளால் நுழைக்கப்பட்டவை. தன்வினையாகத் தொடங்கிய வாக்கியத்துக்கு இறுதியில் ஓர் எழுவாய் கிடைத்துவிடுகிறது.

இதை இவ்விளையாட்டின் சாதனை என்றே கருதுகிறேன். அதன் எல்லையும் அங்கேயே உள்ளது. புனைவின் பேரழிவுக்கு எழுவாய் தேடும் ஆராய்ச்சி, 1945க்கு மட்டும் தேடுவதில்லை. அவ்வாண்டு மெய்நிகர் வட்டாரம் என்று தெரிந்ததுமே அதன் பொறுப்பும் கரைந்துவிடுகிறது. கொரியாவும் சீனாவும் கதையின் மையத்துக்கு வருவதில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தமிழ்த் தொழிலாளர்களும் வருவதில்லை. ‘சகுரா போர்’ ஒரு புள்ளியால் செய்ததை ‘13 சென்டினல்ஸ்’ ஒரு கதைத்திருப்பத்தால் செய்கிறது.

விளையாட்டாய்வில் கதையை ஒருவரும் போர் விதிகளை மற்றொருவரும் தனித்தனியே ஆராயும் வழக்கம் நீடிக்கிறது. இத்தகைய படைப்புகளில் அப்பிரிவினை பயன் தராது. யார் செய்தார் என்ற வினாவை ஒரு படைப்பு எங்கே எழுப்புகிறது, எங்கே தவிர்க்கிறது என்பது அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் புலப்படுகிறது.