கம்பிக்குப் பொட்டு வைத்த கதை

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப்பெரிய உப்பங்கழி ஏரி. 1613-ல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு துணி வியாபாரம் பார்த்த ஊர். டச்சுக்காரன் போய் வெள்ளைக்காரன் வந்தான். 1859-ல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் எழுந்தது. இருட்டில் வரும் கப்பல் தரை தட்டிவிடக்கூடாதே!

கடலில் போகிறவனுக்கு விளக்கு வைத்தாயிற்று. ஆகாயத்தில் போகிறவனுக்கு?

ஆகாயத்தில் அப்போது மோதுவதற்கு என்ன இருந்தது என்று கேட்பீர்கள். இருந்தது, தந்திக் கம்பி. அமெரிக்காவில் எலியட் கூஸ் என்று ஒரு ராணுவ டாக்டர். பறவைப் பைத்தியம். டென்வரிலிருந்து செயென் நகரத்துக்குக் குதிரையில் போகும்போது, பாதையோரத் தந்திக் கம்பிகளுக்குக் கீழே வானம்பாடி வகைப் பறவைகள் செத்துக் கிடப்பதைப் பார்த்தார். மூன்று மைல் தூரத்துக்குள் சுமார் நூறு! கம்பியில் மோதிச் செத்தவை. 1876-ல் இதைக் கட்டுரையாகவே எழுதினார். படித்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். தந்தி முக்கியமா, வானம்பாடி முக்கியமா?

அதற்குப் பிறகு மின்சாரம் வந்தது. கம்பிகள் பெருகின. விமானமும் வந்தது. இப்போது மோதிச் சாவது மனிதன். உடனே மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

வின்த்ராப் ராக்ஃபெல்லரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். எண்ணெய்ச் சக்கரவர்த்தி ராக்ஃபெல்லரின் பேரன். 1967 முதல் 1971 வரை அர்கன்சாஸ் மாநிலத்தின் கவர்னர். ஒருமுறை விமானம் தரையிறங்கும் நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தாராம். மின்கம்பி கிட்டே வரும்வரை கண்ணுக்கே தெரியவில்லை. கூட இருந்தவரிடம், இதற்கு ஏதாவது செய்யுங்கள் என்றாராம். அப்படிப் பிறந்ததுதான் கம்பியில் கோக்கும் கலர் பந்து என்கிறார்கள். பணக்காரர் விமானத்தில் போனதால் ஊருக்கு ஒரு நன்மை!

இன்றைக்கு அதற்கு உலக விதியே இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணக்குப்படி பந்தின் விட்டம் குறைந்தது 60 சென்டிமீட்டர். அந்த அளவுப் பந்து என்றால் 30 மீட்டருக்கு ஒன்று. 130 சென்டிமீட்டர் பந்து என்றால் 40 மீட்டர் இடைவெளி விடலாம். வெள்ளையும் ஆரஞ்சும், அல்லது வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரவேண்டும்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்பதுபோல, கம்பிக்குப் பந்து கட்டுவது யார்? கோபுரத்தில் ஏறிவிடலாம். ஆனால் பந்து வேண்டியது இரண்டு கோபுரங்களுக்கு நடுவே. கீழே ஆறோ, பள்ளத்தாக்கோ, சேறோ இருந்தால் கிரேனும் போகாது. எனவே ஹெலிகாப்டர். அதன் பக்கவாட்டில் ஒரு பலகை. அதில் பெல்ட் கட்டிக்கொண்டு ஒரு லைன்மேன் உட்கார்ந்திருப்பார். பைலட் கம்பிக்குக் கையெட்டும் தூரத்தில் ஹெலிகாப்டரை அப்படியே நிறுத்தி வைக்கவேண்டும். பந்து இரண்டு பாதிகளாக இருக்கும். தேங்காய் மூடிகளைச் சேர்த்து வைப்பதுபோலக் கம்பியின் இரு பக்கமும் வைத்து போல்ட் முடுக்குவார். ஒரு பலத்த காற்று அடித்தால் கதை கந்தல். சமீப வருடங்களில் சில நாடுகளில் இந்த வேலை ட்ரோன் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல விஷயம்.

வீண் செலவு என்று நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்ட் 21 அன்று உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், வெள்ள நிவாரணத்துக்குப் போன ஹெலிகாப்டர் ஒரு கம்பியில் சிக்கி விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். உதவிக்குப் போனவர்கள்.

சரி, பறவைகள்?

பெரும்பாலும் பறவையைக் கொல்வது தடிமனான மின்கம்பி அல்ல. அதைப் பறவை கடைசி நேரத்திலாவது பார்த்துவிடுகிறது. பார்த்து மேலே எழும்புகிறது. அங்கே இடி தாங்குவதற்காகக் கட்டிய மெல்லிய எர்த் கம்பி காத்திருக்கிறது. அதில்தான் மோதுகிறது. இன்னொன்றும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த கிரஹாம் மார்ட்டின் பெரிய பறவைகளின் பார்வையை ஆராய்ந்தார். கானமயிலுக்கு ஒன்றுவிட்ட உறவான ஆப்பிரிக்கப் பறவை, பறக்கும்போது இரை தேடித் தலையை 25 டிகிரி கீழே சாய்த்தால் போதும். நேர் எதிரே இருப்பது எதுவும் தெரியாது. கூர்மையான கண்தான், ஆனால் ஆகாயத்தின் குறுக்கே வேலி இருக்கும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள கதீரில் 2011-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பூநாரைகள் மின்கம்பியில் மோதிச் செத்தன. பிறகு அங்கே கம்பியைத் தரைக்கடியில் புதைத்தார்கள். ராஜஸ்தானின் தார் பகுதியில் 4,200 சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் கம்பிகளால் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் கணக்கிட்டது. 2020-ல் பொக்ரான் பக்கம் சுமார் 6.5 கிலோமீட்டருக்கு 1,800-க்கும் மேற்பட்ட மின்மினித் தகடுகளைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். காற்றில் சுழலும், பகலில் பளபளக்கும், இருட்டில் ஒளிரும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் இடங்களில் கம்பியைப் புதையுங்கள், அதுவரை தகடு மாட்டுங்கள் என்றது. சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் இது நடக்கிற காரியமில்லை என்று அரசு முறையிட, 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது.

தகடு மாட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? தென்னாப்பிரிக்காவில் 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், தகடு மாட்டிய கம்பிகளில் நீலக் கொக்குகளின் சாவு 92 சதவிகிதம் குறைந்தது. கானமயிலின் உறவுக்காரப் பறவைகளுக்கோ ஒரு பலனும் இல்லை. மருந்து ஒன்றுதான், நோயாளிக்கு நோயாளி பலன் வேறு. ஒவ்வோர் இடத்திலும் பார்த்து, எண்ணி, பிறகுதான் முடிவு செய்யவேண்டும்.

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம். ஏரிக்குத் தெற்கே, கொசஸ்தலையாறு கடலில் சேரும் பக்கம், 1994-லிருந்து வடசென்னை அனல்மின் நிலையம். 2012-க்குப் பிறகு 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து கிளம்பும் உயர் அழுத்தக் கம்பிகள் கழிவெளியைத் தாண்டித்தான் ஊருக்குள் வருகின்றன. நம் வீட்டு ஏசி ஓடுவது அந்தத் தயவில்தான். எண்ணூரில் ஆற்றுக்குள்ளேயே மண்ணைக் கொட்டி மின்கோபுரம் கட்டியபோது மீனவர்கள் படகோடு வந்து எதிர்த்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் அது.

குளிர்காலத்தில் இந்த நீர்ப்பரப்புக்குப் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஒரு மேய்ச்சல் இடத்திலிருந்து இன்னொன்றுக்கு அவை பெரும்பாலும் போவது ராத்திரியில். கம்பி மனிதக் கண்ணுக்கே தெரியாத நேரம்.

பழவேற்காட்டு மீனவர் கிராமங்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை ஊரே கூடி முறை வைத்துக்கொள்வது. போட்ட வலைக்கு மிதவை கட்டுவார்கள். அடுத்த படகுக்கு அது அடையாளம். குறுக்கே ஒன்றைக் கட்டுகிறவன்தான் அடையாளம் வைக்கவேண்டும், வழியில் போகிறவன் அல்ல. இந்த நியாயம் தண்ணீரில் எப்போதோ வந்துவிட்டது.

ஆகாயத்தில் கட்டியவர்களுக்கும் அதே கடமைதான். முதல் வேலையும் பெரிய செலவு பிடிக்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை, விடியற்காலையில், கம்பித் தடத்துக்குக் கீழே நாலு பேர் நடந்து, கிடப்பதை எண்ணவேண்டும். நாய் இழுத்துப்போவதற்கு முன்னால். எந்த இடத்தில் பந்து, எந்த இடத்தில் தகடு, எந்த இடத்தில் புதைகுழாய் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லிவிடும். அந்த டாக்டர் குதிரை மேல் உட்கார்ந்தபடியே எண்ணினார். 150 வருடம் கழித்து நம்மால் இறங்கி நடந்து எண்ண முடியாதா என்ன?