நாற்பது வீதம்: தலிடோமைட் பிள்ளைகளின் நட்டஈட்டுக் கதை

இரு கைகளும் இல்லாமற் பிறந்த ஒரு குழந்தைக்கு எவ்வளவு பணம் கொடுத்தால் தகும்? 1960களின் பிற்பகுதியில் லண்டன் நீதிமன்றமொன்றில் இக்கேள்வி உண்மையாகவே எழுந்தது. கற்றறிந்த சட்டத்தரணிகள் இரு பக்கமும் நின்று வாதிட்டார்கள். ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அத்தொகையில் நூற்றுக்கு நாற்பது வீதம் மட்டுமே அக்குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது.

நாற்பது வீதம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1957 இல் மேற்கு ஜேர்மனியின் குரூனென்தால் கம்பனி தலிடோமைட் என்னும் மருந்தை விற்பனைக்கு விட்டது. நித்திரைக்கும் மனப் பதற்றத்துக்கும் கொடுக்கப்பட்ட மருந்து அது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் பயன்பட்டது. 1958 இல் பிரித்தானியாவில் அதனை விற்கத் தொடங்கியது டிஸ்ரிலேர்ஸ். ஜோனி வோக்கர் முதலான விஸ்கி வகைகளால் உலகறிந்த அதே கம்பனிதான். மருந்து முற்றிலும் பாதுகாப்பானது, கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அரச உத்தியோகத்தர், போதிய சான்று இல்லையென்று அனுமதி வழங்க மறுத்துவிட்டார். 1961 நவம்பர் 26 ஆம் திகதி ஜேர்மனியப் பத்திரிகையொன்று விடுகோ லென்ஸ் என்ற குழந்தை வைத்தியரின் சந்தேகத்தை வெளியிட்டது. உடனேயே அங்கு மருந்து மீளப்பெறப்பட்டது. சில நாட்களில் பிரித்தானியாவிலும் விற்பனை நின்றது. அதற்கிடையில் அந்நாட்டில் மாத்திரம் நானூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கைகால் குறுகியோ முற்றாக இல்லாமலோ பிறந்து உயிர்தப்பியிருந்தார்கள்.

1962 இல் பெற்றோர் வழக்குத் தொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் முன்னால் இரண்டு மதில்கள் நின்றன. முதலாவது, கம்பனி கவனயீனமாக நடந்தது என்பதை அவர்களே நிரூபிக்கவேண்டும். பரிசோதனைக் குறிப்புகளும் கடிதங்களும் இருந்ததோ கம்பனியின் அலுமாரிகளில். இரண்டாவது, இன்னும் பிறவாத சிசுவுக்குத் தீங்கு நேர்ந்தால், பிறந்தபின் அது நட்டஈடு கோரலாமா என்பதில் ஆங்கிலச் சட்டம் தெளிவாகப் பேசியிருக்கவில்லை. தோற்றால் ஒரு சதமும் கிடையாது. ஆகவே 1968 இல் 62 பிள்ளைகளின் சார்பில் இணக்கம் காணப்பட்டது. கவனயீனக் குற்றச்சாட்டைக் கைவிட்டால், வழக்கில் வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் 40 வீதத்தைக் கம்பனி தரும். பிள்ளைகளின் தோல்விக்கான வாய்ப்பு 60 வீதம் எனப் பேரம் பேசி முடிக்கப்பட்டது என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

அந்த முழுத்தொகையும் நியாயமாகக் கணிக்கப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. எதிர்காலப் பணவீக்கத்தைக் கணக்கில் எடுப்பதற்கு அக்கால ஆங்கில நீதிமன்றங்கள் பின்னின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே தடவையில் கொடுக்கும் பணம், அப்பிள்ளை ஐம்பது வயதாகும்போது என்ன பெறுமதி பெறும்? வீட்டுச் செலவு பார்க்கும் எந்தத் தாயும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது.

எஞ்சிய பிள்ளைகள் முந்நூற்றைம்பதுக்கும் மேல். 1971 இல் அவர்கள் அனைவருக்குமாக 3.25 மில்லியன் பவுண் கொண்ட நிதியம் ஒன்றை அமைக்கக் கம்பனி முன்வந்தது. ஒரு நிபந்தனை: எல்லாப் பெற்றோரும் ஒப்பவேண்டும், ஒருவர் மறுத்தாலும் எவருக்கும் எதுவும் இல்லை. இதனை வகுத்தவர் மனித இயல்பை நன்கறிந்தவராக இருந்திருக்கவேண்டும். கம்பனியுடன் மோதவேண்டிய பெற்றோரை ஒருவரோடொருவர் மோதவைத்தது அந்த நிபந்தனை. மறுத்த ஒருசில குடும்பங்கள் ஏனையோரின் கோபத்துக்கு ஆளாகின. அந்தப் பெற்றோரை விலக்கிவிட்டு, பிள்ளைகள் சார்பில் அரச சட்ட அலுவலர் ஒருவரை நியமிக்கும் உத்தரவும் பெறப்பட்டது. 1972 இல் டெனிங் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கியது. தன் பிள்ளைக்கு எது நல்லதென எண்ணி மறுக்கும் உரிமை ஒரு தந்தைக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பின் பயன்.

இக்கட்டத்தில்தான் சண்டே ரைம்ஸ் பத்திரிகை வருகிறது. ஆசிரியர் ஹரோல்ட் இவான்ஸ். டிஸ்ரிலேர்ஸ் அப்பத்திரிகையின் மிகப் பெரிய விளம்பரதாரர்களுள் ஒன்று. வழக்கோ இன்னும் நீதிமன்றத்தில் கிடந்தது. பல ஆண்டுகளாக அசையாமல் கிடந்தது என்பது வேறு விடயம். விசாரணையிலுள்ள வழக்கைப் பற்றி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு. இவான்ஸ் ஒரு வழி கண்டார். சட்டப்படி யார் குற்றவாளி என்ற கேள்வியைத் தொடாமல், தார்மீகப்படி கம்பனி என்ன கொடுக்கவேண்டும் என்பதை மட்டும் எழுதுவது. 1972 செப்டெம்பர் 24 ஆம் திகதி முதற் கட்டுரை வெளியானது. மருந்து எவ்வாறு பரிசோதிக்கப்பட்டது என்பதை ஆராயும் அடுத்த கட்டுரைக்கு, சட்டமா அதிபரின் விண்ணப்பத்தின் பேரில் நவம்பரில் தடையுத்தரவு விழுந்தது.

ஆனால் பாராளுமன்றத்தை எந்தத் தடையுத்தரவும் கட்டாது. நவம்பர் 29 ஆம் திகதி தொழிற்கட்சி உறுப்பினர் ஜாக் ஆஷ்லி விவாதத்தைத் தொடக்கிவைத்தார். அவர் செவிப்புலனை முற்றாக இழந்தவர். அதன்பின் கம்பனியின் பங்குதாரர்கள் கிளம்பினார்கள். பெரும் காப்புறுதி நிறுவனங்களும் அவர்களுள் அடக்கம். விஸ்கியைப் பகிஷ்கரிக்கும் பேச்சு அத்திலாந்திக்குக்கு அப்பாலும் எழுந்தது. பத்து ஆண்டுகளாக நீதிமன்றத்தில் அசையாத கம்பனி, பங்கு விலை சரிந்தபோது சில வாரங்களில் அசைந்தது. 1973 இல் முடிவான தொகை சுமார் 20 மில்லியன் பவுண். முன்னர் தரவிருந்ததைப் போல ஆறு மடங்கு. அவ்வாண்டே தலிடோமைட் நிதியம் நிறுவப்பட்டது.

தடைசெய்யப்பட்ட கட்டுரையின் கதை அதன் பின்னும் நீண்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்க, 1973 ஜூலையில் பிரபுக்கள் சபை அதை மீண்டும் விதித்தது. 1976 இல் தடை விலக்கப்பட்டுக் கட்டுரை அச்சேறியது. 1979 ஏப்ரல் 26 ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், 11 நீதிபதிகளுக்கு 9 என்ற பெரும்பான்மையில், தடை கருத்துச் சுதந்திரத்தை மீறியதெனத் தீர்ப்பளித்தது. 1981 இல் பிரித்தானியா தன் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தை இயற்றியது. (நமது நாட்டில் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது 2024 இல்தான்.) பிறவாத சிசு பற்றிய சட்டச் சந்தேகமும் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீர்ந்தது. அதுவோ அதன் பின் பிறப்பவர்களுக்கே உதவும். தலிடோமைட் பிள்ளைகளுக்கு அல்ல.

அப்பிள்ளைகள் இன்று அறுபது வயதைக் கடந்துவிட்டார்கள். கைகளின் வேலையைக் கால்களாலும் பற்களாலும் தோள்களாலும் செய்து வந்தவர்களுக்கு மூட்டுகள் முன்கூட்டியே தேய்ந்துபோயின. செலவு கூடக் கூடப் பழைய தொகை போதாமற்போனது. டிஸ்ரிலேர்ஸ் கைமாறி டியாஜியோ கம்பனிக்குள் அடங்கியபின் அதுவும் நிதியத்துக்கான கொடுப்பனவைக் கூட்டவேண்டியிருந்தது. 2010 ஜனவரியில் பிரித்தானிய அரசாங்கம் முறைப்படி வருத்தம் தெரிவித்து, 20 மில்லியன் பவுணை மேலதிகமாக ஒதுக்கியது. மருந்தை உருவாக்கிய குரூனென்தால் கம்பனியின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2012 இல். மருந்து சந்தையிலிருந்து அகற்றப்பட்டு அப்போது ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.